ஷால்கே 04: சுரங்கம் பெற்ற பிள்ளையா, தத்தெடுத்த பிள்ளையா?

கேள்வி இது: "ஜெர்மனியின் ஷால்கே 04 கால்பந்துக் கழகத்தைச் சுரங்கத் தொழிலாளர்களின் அணி என்கிறார்களே, அதைத் தொடங்கியது நிலக்கரிச் சுரங்கம்தானா? ஒரு கரி ஊரின் அணி முப்பதே ஆண்டுகளில் நாட்டின் சாம்பியன் ஆனது எப்படி?"

முதல் பாதிக்குப் பதில் எளிது. இல்லை, சுரங்கம் அதைத் தொடங்கவில்லை. தொடங்கியவர்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர்களை எந்தப் பெரிய மனிதரும் பொருட்படுத்தவில்லை. பந்து நன்றாக உருளத் தொடங்கிய பிறகுதான் சுரங்கம் அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்ல அந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஷால்கே என்பது ஜெர்மனியின் மேற்கே, ரூர் பகுதியில் இருக்கும் கெல்சென்கிர்ஷென் நகரின் ஒரு பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது வயலும் மேய்ச்சலுமாக இருந்த சிற்றூர். ரூர் ஆற்றை ஒட்டிய தெற்குப் பகுதியில் நிலக்கரி மேற்பரப்புக்கு அருகிலேயே கிடைத்தது. குடியானவர்கள்கூட மலைச்சரிவில் துளையிட்டு எடுத்தார்கள். வடக்கே போகப் போகக் கரிப்படுகை சுண்ணாம்பு கலந்த பாறைக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. அதை எடுக்க ஆழமான செங்குத்துக் குழி வேண்டும், ஊறி வரும் நீரை இறைக்க நீராவி எந்திரம் வேண்டும், பெரும் முதலீடு வேண்டும். வில்லியம் தாமஸ் மல்வனி என்ற அயர்லாந்துக்காரர் 1855இல் கெல்சென்கிர்ஷெனில் குழி இறக்கத் தொடங்கினார். தன் நாட்டின் லத்தீன் பெயரான ஹைபர்னியா என்பதையே சுரங்கத்துக்கும் வைத்தார். அடுத்த பத்தாண்டில் ஃப்ரீட்ரிஷ் க்ரில்லோ என்ற எஸ்ஸென் நகரத்து முதலாளி ஷால்கேக்கு வந்து, சிதறிக் கிடந்த பல சிறிய சுரங்க உரிமைகளை ஒன்றாக இணைத்தார். 'ஒன்றிணைப்பு' என்று பொருள்படும் கன்சாலிடேஷன் என்பதே அந்தச் சுரங்கத்தின் பெயராயிற்று. ஊர்க்காரர்கள் அதைக் 'கொன்சோல்' என்று சுருக்கி அழைத்தார்கள். இந்தக் கதை முழுக்க அந்தப் பெயர் வந்துகொண்டே இருக்கும்.

ஆழமான சுரங்கம் என்றால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும். உள்ளூரில் அவ்வளவு பேர் இல்லை. முகவர்கள் கிழக்கே போனார்கள். கிழக்குப் பிரஷ்யாவின் மசூரியா, அதோடு போஸென், சிலேசியா என்று, இன்று பெரும்பாலும் போலந்தில் இருக்கும் வட்டாரங்களின் ஏழைக் கிராமங்களில் ஆள் பிடித்தார்கள். மசூரியர்கள் போலிஷ் மொழியின் ஒரு வட்டார வழக்கைப் பேசியவர்கள். ஆனால் மதத்தால் புராட்டஸ்டன்டுகள், பிரஷ்ய அரசருக்கு விசுவாசமானவர்கள். கத்தோலிக்கப் போலிஷ்காரர்களோடு தங்களைச் சேர்த்துப் பேசினால் அவர்களுக்குப் பிடிக்காது. உள்ளூர் ஜெர்மானியர்களுக்கோ இந்த வேறுபாடெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. '-ஸ்கி' என்று முடியும் பெயர் காதில் விழுந்தாலே 'போலாக்' என்ற வசைச்சொல் வந்துவிடும். பிற்பாடு ஷால்கே அணியின் தலையில் ஏறிய பட்டங்களில் இதுவும் ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் கடைசியில் மீண்டும் வருகிறது.

1903 ஏப்ரல் 1ஆம் தேதி ஷால்கே தனி ஊராக இருந்த நிலை முடிந்து, பக்கத்து ஊர்களோடு சேர்த்துக் கெல்சென்கிர்ஷென் நகரில் இணைக்கப்பட்டது. கழகம் பிறந்தது 1904 மே 4. அதாவது, அரசாங்க ஏட்டிலிருந்து நீக்கப்பட்டு ஓராண்டு கழிந்த ஓர் ஊரின் பெயரைப் பையன்கள் தங்கள் கழகத்துக்கு வைத்தார்கள்: வெஸ்ட்ஃபாலியா ஷால்கே. வெஸ்ட்ஃபாலியா என்பது அந்த வட்டாரத்தின் பெயர். இன்று உலகில் பலருக்கு ஷால்கே தெரியும். கெல்சென்கிர்ஷென் எங்கே என்று கேட்டால் தடுமாறுவார்கள். நகராட்சி விழுங்கிய பெயரைப் பந்து வெளியே கொண்டுவந்துவிட்டது.

1904இல் ஜெர்மனியில் கால்பந்து யாருடைய ஆட்டம் என்பதைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. இங்கிலாந்தில் அதற்குள் அது ஆலைத் தொழிலாளியின் சனிக்கிழமைப் பொழுதுபோக்காகிவிட்டது. ஜெர்மனியில் அப்படி இல்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், எழுத்தர்கள், பொறியாளர்கள், வணிகர் வீட்டுப் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் அது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 1900இல் லைப்ஸிஷ் நகரில் அமைந்தபோது கூடியவர்களும் பெரும்பாலும் அந்த வகையினரே. இன்னொரு பக்கம் 'டுர்னென்' என்ற தேசபக்தி உடற்பயிற்சி இயக்கம் இருந்தது. கூடத்தில் வரிசையாக நின்று, கட்டளைக்குக் கட்டளை கை காலை நீட்டும் அந்த இயக்கத்தார் கால்பந்தை 'ஆங்கிலேய நோய்' என்றே ஏசினார்கள். ஆக, கரி ஊர்ப் பையனுக்கு இரண்டு வாசல்களும் அடைப்பு: கால்பந்துச் சங்கத்துக்கு அவன் தாழ்ந்தவன், உடற்பயிற்சிச் சங்கத்துக்கு அவன் ஆட்டம் தாழ்ந்தது.

பையன்கள் யார்? பதினான்கு வயதில் தொடக்கப் பள்ளியை முடித்துவிட்டுச் சுரங்கத்திலும் சுற்றியிருந்த தொழிற்சாலைகளிலும் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். வில்லி கீஸ் என்பவர் அவர்களின் முதல் தலைவர். தலைவரும் பையன்தான். 'ஹவுஸ் கோர்' என்ற பழைய பண்ணை வீட்டை ஒட்டிய புல்வெளியில் ஆடினார்கள். நிறம் சிவப்பும் மஞ்சளும். இன்று கழகத்தை நீலம் என்று தவிர வேறு நிறத்தில் எண்ணிப் பார்க்கவே முடியாது. நீலமும் வெள்ளையும் வர இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.

மேற்கு ஜெர்மன் ஆட்டச் சங்கத்தில் சேர்ந்தால்தான் முறையான லீக்கில் ஆட முடியும். சேர்த்துக்கொள்ளவில்லை. சங்கத்துக்கு வெளியே ஆடிய இப்படிப்பட்ட அணிகளுக்கு ஜெர்மன் மொழியில் 'காட்டுக் கழகங்கள்' என்றே பெயர். தெருவுக்கு ஒன்று இருந்தது. தங்களுக்குள் ஆடிக்கொள்வார்கள், யாராவது ஒருவர் வீட்டை மாற்றினால் அணியே கலைந்துவிடும். வெஸ்ட்ஃபாலியா ஷால்கே கலையவில்லை என்பதுதான் அதன் முதல் சாதனை என்பேன். கோப்பைகளை எண்ணுபவர்கள் இதை எண்ணுவதில்லை.

பையன்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. பெரியவர் ஒருவர் முன்னால் நின்றால்தான் கதவு திறக்கும். 1909இல் எடைமேடைப் பொறுப்பாளராக இருந்த ஹைன்ரிஷ் ஹில்கெர்ட் தலைவரானார். அதுவும் போதவில்லை. 1912இல் வேறு வழியில் முயன்றார்கள்: ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றிருந்த ஷால்கே உடற்பயிற்சிச் சங்கம் 1877 என்ற அமைப்புக்குள் ஒரு பிரிவாக நுழைந்தார்கள். தங்களை ஏளனம் செய்த இயக்கத்தின் குடையைப் பிடித்துக்கொண்டுதான் லீக்குக்குள் போக முடிந்தது. முதல் உலகப் போரின் நடுவில், 1915இல், அந்தக் குடையை விட்டு வெளியே வந்து மீண்டும் வெஸ்ட்ஃபாலியா என்ற பெயரில் நின்றார்கள். போர் முடிந்ததும், 1919இல், மறுபடியும் அதே உடற்பயிற்சிச் சங்கத்தோடு சேர்ந்தார்கள். சேர்வதும் பிரிவதுமான இந்தக் கணக்கு வாசிக்கச் சலிப்பூட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொந்தப் பெயரில் ஆட முடியாத ஓர் அணியின் முகவரிப் பட்டியல் வேறெப்படி இருக்கும்?

போருக்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. 1918 நவம்பரில் ஜெர்மனியில் எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. அதுவரை தொழிலாளிக்கு ஆட்டம் பார்க்கவே நேரம் கிடையாது, ஆடுவது எங்கே? இரண்டாவது மாற்றம் உடற்பயிற்சி இயக்கத்துக்குள்ளிருந்து வந்தது. 1923இல் அந்த இயக்கத்தின் தலைமை, கால்பந்து போன்ற விளையாட்டுகளைத் தங்களிடமிருந்து முற்றாகப் பிரித்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தது. நாடு முழுக்க சங்கங்கள் இரண்டாகப் பிளந்தன. ஷால்கேயிலும் அப்படியே. ரூர் பகுதி பிரெஞ்சுப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்த நேரம் அது. 1924 ஜனவரி 5ஆம் தேதி கால்பந்துப் பிரிவு தனியாக வெளியேறி 'ஷால்கே 04' என்று தன்னை அழைத்துக்கொண்டது. நீலமும் வெள்ளையும் அன்றைக்கு வந்தவை. பெயரில் 1924 இல்லை என்பதைக் கவனியுங்கள். இருபது ஆண்டுகளாக மாற்றான் வீட்டுத் திண்ணையில் இருந்தவர்கள், தாங்கள் பிறந்த ஆண்டைப் பெயரிலேயே எழுதிவைத்துக்கொண்டார்கள்.

புதிய கழகத்தின் தலைவர் ஃப்ரிட்ஸ் உன்கெல். கொன்சோல் சுரங்கத்தில் பொருள் கிடங்குப் பொறுப்பாளர். 'அப்பா உன்கெல்' என்று ஊர் அவரை அழைத்தது. தத்தெடுப்பு இங்கேதான் நடக்கிறது. சுரங்கத்தில் கிடங்குப் பொறுப்பாளர் என்றால் சிறிய ஆள் இல்லை. மரம், கம்பி, ஆணி எல்லாம் அவர் கையெழுத்தில்தான் வெளியே போகும். எந்த அதிகாரியிடம் எப்போது எதைக் கேட்கலாம் என்பதும் அவருக்குத்தான் தெரியும். ஆட்டக்காரர்களுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. ஆட்டம் வளர வளர அந்த வேலை இலகுவாயிற்று. 'க்னாப்பென்' என்ற பட்டப்பெயர், அதாவது சுரங்கத் தொழிலாளிக்குரிய பழைய ஜெர்மன் சொல், அணிக்கு ஒட்டிக்கொண்டது. நடைமுறையில் அணியின் பெரிய நட்சத்திரங்கள் அதிகம் கரி வெட்டியவர்கள் அல்லர். அவர்களின் அப்பாக்களும் அண்ணன்களும் வெட்டினார்கள். முதலாளியின் கணக்கும் எளிதுதான்: ஞாயிற்றுக்கிழமை தன் ஊர் அணி வென்றால் திங்கட்கிழமை ஆள் முணுமுணுக்காமல் கூண்டில் இறங்குவான். இது என் ஊகம்தான். ஆனால் சுரங்க நிறுவனங்கள் அன்பினால் மட்டும் எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். இரண்டு பெயர்கள் போதும். எர்ன்ஸ்ட் குட்ஸோரா 1905இல் கெல்சென்கிர்ஷெனில் பிறந்தவர், மசூரியாவிலிருந்து வந்த சுரங்கக் குடும்பம். ஃப்ரிட்ஸ் செப்பான் 1907இல் பிறந்தவர், அதே வேர். குட்ஸோராவின் தங்கையைச் செப்பான் மணந்துகொண்டார். ஆக ஜெர்மனியின் புகழ்பெற்ற தாக்குதல் இணை மச்சான்களின் இணை. குட்ஸோரா ஓடுவார், மோதுவார், சுடுவார். செப்பானுக்கு வேகம் குறைவு. ஆனால் பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அது அடுத்து எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

அவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுத் தந்தது ஊர் மட்டும் இல்லை. ஹான்ஸ், ஃப்ரெட் என்ற பால்மன் சகோதரர்கள் இங்கிலாந்தில் வளர்ந்த ஜெர்மானியப் பிள்ளைகள். போர் வந்ததும் அங்கே அவர்கள் எதிரி நாட்டினர். போருக்குப் பிறகு ஜெர்மனிக்கு வந்து ஷால்கேயில் சேர்ந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் பரப்பிய ஆட்ட முறையை அவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள்: பந்து தரையிலேயே இருக்க வேண்டும், பாஸ் குறுகலாக இருக்க வேண்டும், பாஸ் கொடுத்தவன் நிற்காமல் காலி இடத்துக்கு ஓட வேண்டும். அக்கால ஜெர்மன் அணிகள் பலவும் பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஷால்கே ஆடியதைப் பார்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'க்ரைஸெல்'. தமிழில் அதற்கு அச்சு அசலான சொல் நம்மிடம் இருக்கிறது: பம்பரம். பந்து ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சுற்றிச் சுற்றி வரும். தடுக்க வந்தவன் தலை சுற்றி நிற்பான். 'ஷால்கே பம்பரம்' என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். பம்பரத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுவதில் மயங்கி, கோல் அடிப்பதை மறந்துவிடுகிறார்கள் என்று அப்போதே விமர்சித்தவர்கள் உண்டு. அது முற்றிலும் பொய்யும் அல்ல.

1927இல் முதல் முறையாக தேசிய சாம்பியன் பட்டத்துக்கான சுற்றில் ஷால்கே ஆடியது. கூட்டம் பழைய மைதானத்தில் அடங்கவில்லை. புதிய மைதானத்துக்கு நிலம் வேண்டும். யாரிடம் நிலம் இருக்கும்? கொன்சோலிடம்தான். சுரங்கத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்த நிலத்தில் 1928 ஆகஸ்டில் 'க்ளூக்அவுஃப் காம்ப்ஃபான்' திறக்கப்பட்டது. சுமார் 34 ஆயிரம் பேர் நிற்கலாம். 'க்ளூக் அவுஃப்' என்பது சுரங்கத் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளும் சொல். குழிக்குள் இறங்குபவனிடம் 'நல்லபடியாக மேலே வா' என்கிற வாழ்த்து அதில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் தொழிலாளர்கள் தங்களுக்கென்றே கட்டிக்கொண்ட கோயில் போலத் தோன்றும். நில உரிமைப் பத்திரத்தில் வேறு பெயர் இருந்தது.

1929இலும் 1930இலும் மேற்கு ஜெர்மன் வட்டாரப் பட்டத்தை ஷால்கே வென்றது. உடனே வந்தது அடி.

அக்காலத்தில் ஜெர்மனியில் கால்பந்து ஆடிச் சம்பாதிக்கக் கூடாது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் அமெச்சூர். செலவுத் தொகையாக 5 மார்க் (மார்க் அக்கால ஜெர்மன் நாணயம்) வரை கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆட்டத்துக்கோ பத்தாயிரக்கணக்கில் ஆட்கள் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். அந்தப் பணம் எங்கே போகும்? பெரிய கழகங்களில் மேசைக்கு அடியில் பணம் கைமாறியது பலருக்கும் தெரிந்த இரகசியம். இந்த விதியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வக்கீல் மகனுக்கு 5 மார்க் போதும். ஞாயிறு ஆட்டத்துக்கு அவன் எதையும் இழப்பதில்லை. கரி வெட்டுபவன் மகன் ஆட்டத்துக்காக ஒரு ஷிஃப்டை விட்டால் அந்தக் கூலி போயிற்று. அமெச்சூர் நெறி என்று புனிதமாகப் பேசப்பட்டது, பணம் இருப்பவனுக்கு மட்டும் எளிதாக இருந்த நெறி. பொருளாதாரப் பெருமந்தம் வந்து சுரங்கங்கள் ஆட்குறைப்பு செய்துகொண்டிருந்த நேரம் வேறு.

1930 ஆகஸ்ட் 25ஆம் தேதி மேற்கு ஜெர்மன் சங்கத்தின் தீர்ப்பு வந்தது. அனுமதித்ததைவிட அதிகமாகப் பணம் பெற்றதற்காக ஷால்கேயின் 14 ஆட்டக்காரர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று அறிவிக்கப்பட்டு ஆடத் தடை விதிக்கப்பட்டார்கள். குட்ஸோரா, செப்பான் இருவரும் அந்தப் பட்டியலில். நிர்வாகிகளும் தப்பவில்லை. கழகத்தின் பொருளாளர் வில்லி நியர் இந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் ரைன்-ஹெர்னே கால்வாயில் குதித்து உயிரை விட்டார். ஒரு சில மார்க்குகளுக்காக. ஜெர்மனியில் தொழில்முறை லீக்காகப் புண்டஸ்லீகா தொடங்க இன்னும் முப்பத்துமூன்று ஆண்டுகள் இருந்தன. அந்த இடைவெளியில் எத்தனை கழகங்கள் அதையே செய்தன, எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று கணக்கிட்டால் ஷால்கே ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஊர் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. தங்கள் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த அதே சங்கம்தானே இது என்று கரி ஊரில் நினைக்காதவர் இருந்திருக்க மாட்டார்.

தண்டனை எதிர்மாறாக வேலை செய்தது. ஓராண்டு நிறைவதற்குள் தடையை நீக்கினார்கள். 1931 ஜூன் 1ஆம் தேதி, ஒரு திங்கட்கிழமை, பழைய அணி மீண்டும் களமிறங்கியது. எதிரணி ஃபோர்ட்டூனா டுஸ்ஸல்டார்ஃப். 34 ஆயிரம் பேருக்கான மைதானத்தில் ஏறக்குறைய 70 ஆயிரம் பேர். ஷால்கே 1-0 என்று வென்றது. முடிவை யாரும் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, கூட்டத்தைத்தான் வைத்துக்கொண்டார்கள். சாதாரண ஊர் அணி ஒன்று ஒரு வட்டாரத்தின் தன்மானமாக மாறியது இந்த நாளில்தான் என்று நான் கருதுகிறேன். வென்ற கோப்பைகளைவிட இந்த ஒரு தடை அந்தக் கழகத்துக்கு அதிக அன்பைச் சேர்த்துக் கொடுத்தது.

1933இல் முதல் முறையாக இறுதி ஆட்டம். அதே ஃபோர்ட்டூனா டுஸ்ஸல்டார்ஃபிடம் 3-0 என்று தோல்வி. அடுத்த ஆண்டு மீண்டும் இறுதிக்கு வந்தார்கள். 1934 ஜூன் 24, பெர்லின். எதிரே நியூரன்பெர்க். அதுவரை ஐந்து முறை பட்டம் வென்ற அணி, அக்கால ஜெர்மனியின் பெரிய அணி. இரண்டாம் பாதியில் நியூரன்பெர்க் ஒரு கோல் அடித்தது. ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடங்கள்தான் மிச்சம். அப்போது செப்பான் சமன் செய்தார். கடைசி நிமிடத்தில் பந்து குட்ஸோராவிடம் வந்தது. அவர் அன்றைக்குக் குடலிறக்கத்தோடு ஆடிக்கொண்டிருந்தார். வலி தாங்காமல் நிற்கவே சிரமப்பட்டார். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அடித்தார். கோல். அடித்த கையோடு மயங்கி விழுந்தார். நாட்டின் சாம்பியன் ஆனதை அவர் உடனே அறியவில்லை.

ஊர் திரும்பும் வழியில், ரூர் பகுதியின் இன்னொரு நகரமான டோர்ட்முண்டில் அவர்களை இறக்கி விழா எடுத்து, நகரின் பொன்னேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். ஷால்கேயும் டோர்ட்முண்டும் எப்படிப்பட்ட பகையாளிகள் என்று அறிந்தவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். அந்தப் பகை பிற்காலத்தது. 1934இல் டோர்ட்முண்டுக்கும் ஷால்கே நம்ம கரி ஊர் அணிதான்.

இனி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயம். வெற்றிச் செய்தி போலந்துக்குப் போனது. ஜெர்மன் சாம்பியன் பட்டம் போலிஷ்காரர்கள் கையில் என்று அங்கே ஒரு விளையாட்டுப் பத்திரிகை கொண்டாடி எழுதியது. அணிப் பட்டியலில் இருந்த குட்ஸோரா, டிபுல்ஸ்கி, கல்விட்ஸ்கி போன்ற பெயர்களைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அது ஹிட்லர் ஆட்சியின் இரண்டாம் ஆண்டு. கழகம் பதறிப்போனது. ஆட்டக்காரர்களின் பெற்றோர் ஒவ்வொருவரும் எங்கே பிறந்தார்கள் என்று திரட்டி, அனைவரும் ஜெர்மன் மண்ணில் பிறந்தவர்களே என்று விளக்கம் வெளியிட்டது. மசூரியா அப்போது ஜெர்மனிக்குள் இருந்ததால் விளக்கம் பொய்யல்ல. ஆனாலும் படிக்கச் சங்கடமாக இருக்கிறது. செர்வின்ஸ்கி என்ற பெயரோடு வளர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ரோட்ஹார்ட் ஆகிவிட்டிருந்தார். செர்வின்ஸ்கியில் இருப்பது போலிஷ் மொழியின் சிவப்பு, ரோட்ஹார்ட்டில் இருப்பது ஜெர்மன் மொழியின் சிவப்பு. மொழி மட்டும் மாறியது.

அடுத்த ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இவை எல்லாப் பட்டியல்களிலும் கிடைக்கின்றன. 1935, 1937, 1939, 1940, 1942 என்று மேலும் ஐந்து பட்டங்கள். 1937இல் சாம்பியன் பட்டத்தையும் தேசியக் கோப்பையையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் ஜெர்மன் அணி. 1939 இறுதியில் வியன்னாவின் அட்மீரா அணியை 9-0 என்று துவைத்தெடுத்தார்கள். 1933 முதல் 1944 வரை வெஸ்ட்ஃபாலியா வட்டார லீக்கை ஒரு முறைகூட வேறு அணிக்கு விட்டுக்கொடுக்கவில்லை. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் ஒழுங்காகச் சேர்ந்து உழைத்து வெல்கிறார்கள் என்ற படம் நாஜி அரசுக்கு மிகவும் பிடித்துப்போனது. தத்தெடுக்க இப்போது இரண்டாவதாக ஒருவர் வந்துவிட்டார், கழகம் மறுக்கவில்லை. கழகத்தின் துணைத் தலைவராக இருந்த யூதரான பல் மருத்துவர் பவுல் ஐஷென்க்ரூன் 1933இலேயே பொறுப்பிலிருந்து போக வேண்டியதாயிற்று. கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கழகத்தை விட நன்றாக அறிந்தவர்கள் ஜெர்மன் கால்பந்தில் குறைவு. இருந்தும் கதவைச் சாத்தினார்கள்.

செப்பான் 1934 உலகக் கோப்பையில் ஜெர்மன் அணியின் தலைவராக ஆடி மூன்றாம் இடம் பெற்றுத் தந்தவர். 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, ஷால்கே கடைவீதியில் யூதர்கள் இருவருக்குச் சொந்தமாக இருந்த ஒரு துணிக்கடை அவர்களிடமிருந்து பறிபோனபோது, அதைக் கைக்கொண்டவர் அவர். உரிமையாளர்கள் லாட்வியாவின் ரீகாவுக்கு நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

பல பத்தாண்டுகள் கழித்து, கழகத்தின் புதிய மைதானத்தைச் சுற்றியுள்ள வழிகளில் ஒன்றுக்குச் செப்பான் பெயரை வைக்கும் யோசனை வந்தது. அந்தத் துணிக்கடையின் கதை பேசப்பட்டதும் கைவிட்டார்கள். மைதானத்துக்குப் போகும் இன்னொரு வழிக்கு எர்ன்ஸ்ட் குட்ஸோரா பெயர் இருக்கிறது.